பாகவதர் வரலாற்றைப் பக்கத்தில் எதை வைத்துக்கொண்டு படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடகரும் நடிகருமான எம்.கே.தியாகராஜ பாகவதரின் வாழ்க்கை வரலாறு ஒன்றுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரையைப் படித்தோம். நடை விறுவிறுப்பு, படங்கள் அரியவை, விலையும் நியாயம் என்று எல்லாம் சொன்ன மதிப்புரையாளர், உள்ளே இருக்கும் செய்திகள் சரிதானா என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த ஒரு நூலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாகவதரைப் பற்றி வரும் புத்தகங்களில் முக்கால்வாசி முந்தைய புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. ஒருவர் தவறாக எழுதிய ஆண்டு அடுத்தவரிடம் "அனைவரும் அறிந்த உண்மை" ஆகிவிடுகிறது. வாசகர்கள் சரிபார்க்க வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் பாகவதர் நடித்த "ஹரிதாஸ்". சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று ஆண்டு ஓடிய படம் என்று பல நூல்களில் இருக்கிறது. மூன்று தீபாவளி கண்ட படம் என்பதுதான் சரி. 1944 தீபாவளிக்கு வெளியாகி, 1945 தீபாவளியைத் தாண்டி, 1946 தீபாவளியையும் பார்த்தது. முதல் தீபாவளியில் தொடங்கி மூன்றாவது தீபாவளியைத் தொட இரண்டு ஆண்டும் சில நாளும் போதும். இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்கலாம். இந்த மூன்று ஆண்டை வைத்துத்தான் வசூல் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் அடுக்கப்படுகின்றன. அடித்தளம் ஓராண்டு தள்ளிப்போனால் மேலே கட்டியது எல்லாம் கோணல்.

ஏன் அவ்வளவு நாள் ஓடியது என்பதற்கும் புத்தகங்களில் ஒரே பதில்தான்: குரல். குரல்தான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அது போர்க்காலம். கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அரசு பங்கிட்டுக் கொடுத்தது, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 11,000 அடி என்றால் சுமார் 122 நிமிடம். முப்பதுகளில் இரவு முழுக்க நாடகம் பார்த்த பழக்கத்தோடு எடுத்த படங்களோடு ஒப்பிட்டால் இது கத்தரித்த அளவு. புதிய படங்களும் குறைவு, அதனால் ஓடுகிற படத்தை எடுத்துவிட்டு வேறு போடத் தியேட்டருக்கு அவசரம் இல்லை. இந்தப் பின்னணியை ஒரு பக்கமாவது சொல்லாத நூலில் "சாதனை" என்ற சொல் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை.

அதே ஹரிதாஸ் இன்னொரு கட்டுக்கதையையும் உடைக்கிறது. கைதானதும் மக்கள் பாகவதரைக் கைவிட்டார்கள் என்று உருக்கமாக எழுதுகிறார்கள். சினிமாக்காரர்களைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டது 1944 நவம்பர் 8, இறந்தது மறுநாள். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானது டிசம்பர் கடைசி வாரம். அப்போது ஹரிதாஸ் வெளியாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அடுத்த இரண்டு தீபாவளியும் அவர் சிறையில் இருக்கும்போதே படம் ஓடிக்கொண்டிருந்தது. கைவிட்ட மக்கள் டிக்கெட் வாங்குவார்களா? படித்துக்கொண்டு போகும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் படத் தேதிகளையும் வலப்பக்கம் வழக்குத் தேதிகளையும் எழுதிக்கொண்டே போனால் இப்படிப்பட்ட முரண் பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

வழக்குப் பகுதியில்தான் பிழை அதிகம். "லண்டன் பிரிவி கவுன்சில் அவரை விடுதலை செய்தது" என்பது பரவலாக நம்பப்படுவது. பிரிவி கவுன்சில் என்பது அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படி. நடந்த வரிசை இது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னால் ஜூரியோடு விசாரணை நடந்து, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அதே ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றத்திலேயே மேல்முறையீடு தள்ளுபடி. அதன்மேல் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். அங்கே குற்றவாளியா இல்லையா என்று தீர்க்கவில்லை. தள்ளுபடியை ரத்து செய்து, மேல்முறையீட்டை மறுபடி கேள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் அமர்வு மறுபடி கேட்டு, 1947 ஏப்ரலில் விடுவித்தது. வி.எல்.எத்திராஜ் வாதாடியது இந்தக் கடைசிக் கட்டத்தில். அவரை முதல் விசாரணையிலேயே கொண்டுவந்து நிறுத்தும் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், எழுதியவர் தீர்ப்பைக் கண்ணால் பார்க்கவில்லை என்று பொருள். இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் இதே வழக்கில் சேர்க்கப்பட்டு முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டவர். இவர் பெயரே இல்லாமல் வழக்கை எழுதிய நூல்களும் உண்டு.

சிறையில் இருந்த காலத்தை "முப்பது மாதம்" என்று ஒருவர், "மூன்று ஆண்டு" என்று இன்னொருவர். 1944 டிசம்பர் கடைசியிலிருந்து 1947 ஏப்ரல் கடைசிவரை விரல்விட்டு எண்ணினால் 28 மாதம். வாசகர் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தக் கணக்கைப் பதிப்பகம் செய்யவில்லை என்றால், ஒரு நிமிடத்தில் செய்ய முடியாதவற்றை அவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன. பழக்கமான வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டால் நகல் கிடைக்கும். ஆங்கிலம்தான், ஆனால் சாட்சியம் எப்படி எடைபோடப்பட்டது என்பது எந்த வாழ்க்கை வரலாற்றையும் விட அதில் தெளிவு.

இனிப் பாட்டு. ஒரு பாடகரின் வரலாற்றில் பாட்டைப் பற்றிய பகுதிதான் மெலிந்து கிடப்பது வேடிக்கை. "தேன் குரல்", "வெண்கலக் குரல்", "கந்தர்வக் குரல்" என்று மூன்று பட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து முடித்துவிடுகிறார்கள். சரிபார்க்கக்கூடிய செய்தி என்று வருவது ஒன்றுதான்: சுருதி. "ஆறு கட்டையில் அநாயாசமாகப் பாடினார்" என்று வரும். இதை எப்படிச் சோதிப்பது?

கட்டை என்பது ஆர்மோனியக் கணக்கு. சி என்ற வெள்ளைக் கட்டை ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது. "மூன்றரைக் கட்டை" என்று எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் ஆர்மோனியத்தின் பக்கம் போனதில்லை. பாட்டைப் போட்டு, ஆதார ஷட்ஜம் (அடிப்படை ஸ்வரமான 'ஸ') நிற்கும் இடத்தில் கைபேசிச் சுருதிக் கருவியைக் காட்டினால் எழுத்து வந்துவிடும். ஆனால் வருகிற எழுத்தை அப்படியே நம்பக்கூடாது. பிரச்சினை இசைத்தட்டின் வேகத்தில் இருக்கிறது.

78 வேகத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றினால்தான் பாடியவரின் சுருதி வரும். வேகம் ஆறு சதவீதம் கூடி 82.6 சுற்று ஆனால் சுருதி சரியாக ஒரு கறுப்பு-வெள்ளை இடைவெளி, அதாவது அரைக் கட்டை, மேலே போய்விடும். ஐந்தரையில் பாடியது ஆறாகக் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகளில் பலவும் தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு, நாடாவிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து கணினிக்கு என்று மூன்று கை மாறியவை. ஒவ்வொரு கையிலும் மோட்டார் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிவுகளை இறக்கி நேரத்தைப் பாருங்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். 3 நிமிடம் 10 விநாடி ஓடவேண்டிய பாட்டு அரைக் கட்டை ஏறினால் 2 நிமிடம் 59 விநாடியில் முடிந்துவிடும். நேரம் இப்படி வேறுபட்டால், வெட்டு ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, எந்தப் பதிவின் சுருதியையும் மேற்கோள் காட்டாமல் இருப்பதே நல்லது.

தட்டு கையில் இருப்பவர்கள் நேராகவே சோதிக்கலாம். சுழல்மேடையின் மீது வரியிட்ட வேக அட்டையை வைத்து, மின்விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள் என்பதால் 77 கோடுள்ள அட்டை வேண்டும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92, அது போதும். அமெரிக்க அட்டை 60 சைக்கிளுக்கானது, இங்கே உதவாது. முள்ளும் முக்கியம். பின்னாளில் வந்த எல்.பி. (நீள்நேர) தட்டின் முள் நுனி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 78 தட்டுக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் அது காடியின் (தட்டில் உள்ள பள்ளக் கோட்டின்) அடியில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்திருக்கும் தூசியைத்தான் வாசிக்கும். கரகரப்பு கேட்கும், குரலின் மேல்ஸ்தாயி மெலிந்துபோகும். அதைக் கேட்டுவிட்டு "பிற்காலத்தில் குரல் நைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள்.

சிறைக்குப் பின் குரல் போய்விட்டது என்ற முடிவுக்கு நாங்கள் ஒப்பவில்லை. 1943-இன் "சிவகவி" பாட்டுகளையும் 1948-இன் "ராஜமுக்தி" பாட்டுகளையும் ஒரே வேகம், ஒரே முள் வைத்து அடுத்தடுத்துக் கேட்கவேண்டும். அதைச் செய்யாமல் எழுதுவது ஊகம். படங்கள் ஓடாததற்குக் காரணம் குரலுக்கு வெளியேதான் தேடவேண்டும். 1952-இல் "அமரகவி" வந்தது, அதே ஆண்டு தீபாவளிக்கு "பராசக்தி" வந்தது. வசனம் கேட்க மக்கள் போன காலம் அது. நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்ற ஏற்பாடும் நிலைத்துவிட்டது. பாடத் தெரிந்ததாலேயே கதாநாயகன் என்ற இடமே காலியாகிவிட்டது. அதே சிறையிலிருந்து அதே நாளில் வெளியே வந்த என்.எஸ்.கிருஷ்ணன் 1949-இல் "நல்லதம்பி", 1951-இல் "மணமகள்" என்று நிமிர்ந்து நின்றார். சிறைதான் காரணம் என்றால் இவரும் விழுந்திருக்க வேண்டுமே? பாகவதர் வரலாற்றில் கிருஷ்ணனை வழக்குப் பகுதியோடு கைவிட்டுவிடுவதால் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

சுருதி ஏன் அவ்வளவு உயரம் என்பதையும் விளக்கியிருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாடியாகவேண்டும். 1933-இல் காலமான நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடியதும் அந்த மரபில்தான். மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் பாகவதரிடம் தொடர்ந்தது. இதைச் சொல்லாமல் "தெய்வ வரம்" என்று முடித்துவிட்டால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு குழப்பம், படத்தில் கேட்பதும் தட்டில் கேட்பதும் ஒன்று என்று நினைப்பது. 1934-இல் "பவளக்கொடி" எடுத்தபோது பின்னணிப் பாட்டு கிடையாது. நடித்துக்கொண்டே பாடவேண்டும், வாத்தியக்காரர்கள் காமிராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். திறந்தவெளிப் படப்பிடிப்பில் காக்கை கத்தினால் அந்த டேக் வீண். தட்டுக்கு வேண்டுமானால் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக மறுபடி பாடவேண்டும். மூன்று நிமிடத்துக்குள் அடக்க ஆலாபனையும் ஒரு சரணமும் போய்விடும், பக்கவாத்தியமும் மாறும். ஆகவே பாகவதர் ஒரு சங்கதியை எப்படிப் பாடினார் என்று எழுதுபவர், எந்தப் பதிவு என்று சொல்லவேண்டும். லேபிளில் அச்சாகியிருக்கும் எண் விற்பனைப் பட்டியல் எண். லேபிளை ஒட்டிய வழவழப்பான பகுதியில் பொறித்திருப்பது பதிவு எண். வெளிவந்த வரிசைக்கு முதலாவது, பாடிய வரிசைக்கு இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆண்டு போடுவதால்தான் ஒரே பாட்டுக்கு மூன்று ஆண்டுகள் வழங்குகின்றன.

பவளக்கொடியில் ஐம்பது பாட்டு என்பதும் விளக்கம் வேண்டிய செய்தி. ஐம்பதும் முழுப்பாட்டாக இருந்தால் பாட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தாலே இரண்டரை மணி நேரம் ஆகும், பேச்சுக்கு இடமே இல்லை. விருத்தம், இரண்டடி எதிர்ப்பாட்டு, தொகையறா எல்லாவற்றுக்கும் பாட்டுப் புத்தகத்தில் தனித்தனி எண் போட்டதால் வந்த கணக்கு அது. நாடகத்துக்குப் போட்ட எண் முறை அப்படியே சினிமாவுக்கு வந்தது.

இந்தப் பாட்டுப் புத்தகத்தைத்தான் எல்லா வாசகருக்கும் சிபாரிசு செய்கிறோம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றது. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர், ராகம், தாளம் எல்லாம் இருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: படம் முடியுமுன்னே அச்சானதால், படத்தில் வெட்டிய பாட்டும் புத்தகத்தில் இருக்கும். ஆனாலும் யார் என்ன செய்தார் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி இல்லை. "சிவகவி", "ஹரிதாஸ்" இரண்டிலும் பாட்டும் மெட்டும் பாபநாசம் சிவன், வாத்தியக்குழுவைக் கவனித்தவர் ஜி.ராமநாதன். பிற்காலக் கேசட் உறையில் இடம் போதாமல் "இசை: ஜி.ராமநாதன்" என்று மட்டும் போட்டார்கள், வரலாற்று நூல்கள் உறையைப் பார்த்து எழுதின. ஹரிதாஸின் "மன்மத லீலையை வென்றார் உண்டோ" பாட்டு சாருகேசி ராகத்தில் அமைந்ததற்கான பெருமை இப்படித்தான் கைமாறிப் போனது. ராமநாதன் பின்னாளில் தனியாக இசையமைத்துப் புகழ்பெற்றவர். அவருக்கு இந்த இரவல் தேவையில்லை.

சிறுவயதில் கடப்பைக்கு ஓடிப்போனது, அப்பா தேடிப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் பாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டது போன்றவை இருந்துவிட்டுப் போகட்டும். கதை என்று தெரியும்படி எழுதினால் போதும். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்ததும், நாடகக் குழு நடத்திய எஃப்.ஜி.நடேச ஐயர் அவரை "அரிச்சந்திரா"வில் லோகிதாசனாக மேடையேற்றியதும் சான்றுள்ளவை.

மொத்தம் 14 படம், சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. கடைசியான "சிவகாமி" அவர் 1959 நவம்பர் 1-இல் மறைந்த பிறகு 1960-இல் வந்தது. எண்ணிக்கை மாறினால் சிவகாமியை விட்டிருப்பார்கள், அல்லது விளம்பரத்தோடு நின்றுபோன ஏதோ ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். "ராஜமுக்தி"யைப் புனாவில் எடுத்தார்கள், வசனம் எழுதப் போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் அங்கே காசநோய் முற்றி, திருவனந்தபுரம் திரும்பி 1948 ஜூன் 30-இல் இறந்தார். தமிழ் இலக்கியத்துக்கும் பாகவதருக்கும் உள்ள இந்தத் தொடர்பை எத்தனை பாகவதர் நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன என்று பாருங்கள்.

வறுமையில் செத்தார் என்பது கடைசி அத்தியாயத்தின் நிரந்தர வாசகம். அதற்கும் காகிதம் உண்டு. வீடும் நிலமும் எப்போது, யாருக்கு, என்ன விலைக்குக் கைமாறின என்பதைச் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று சொல்லும். அவ்வளவு பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பதிவேட்டைக் கையால் தேடவைக்க வேண்டும். நூலாசிரியர் இதைச் செய்திருந்தால் ஆவண எண்ணைப் போட்டிருப்பார். எண் இல்லாமல் "தங்கத் தட்டில் சாப்பிட்டவர் கடைசியில் கஞ்சிக்கு வழியின்றி" என்று எழுதுவது சினிமா வசனம்.

மதிப்புரைக்கு நூலை ஒதுக்கும்போது கடைசிப் பத்துப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்குமாறு தங்கள் மதிப்புரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்டு அட்டவணை, படப் பட்டியல், எண்களோடு இசைத்தட்டுப் பட்டியல், பெயர் அகராதி இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால், வாங்குபவர் அதை வைத்து முடிவு செய்துகொள்வார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய இதழ்களின் கோப்பு தங்கள் அலுவலகத்தில் இருந்தால், கீழ்க்கண்ட நாட்களின் பக்கங்களைப் படமாக வெளியிடலாம்: 1944 நவம்பர் 9, 10, 1944 டிசம்பர் 27 முதல் 30 வரை, 1945 மே 3 முதல் 5 வரை, 1947 ஏப்ரல் கடைசி வாரம் முழுவதும். அதோடு, 1944 தீபாவளியிலிருந்து 1946 நவம்பர் முடிய, மாதத்துக்கு ஒன்றாகப் பிராட்வே தியேட்டர் விளம்பரம். தியேட்டர் விளம்பரத்தில் "இத்தனையாவது வாரம்" என்று போட்டிருப்பார்கள். செய்திப் பக்கத்தை மட்டும் படமெடுத்து விளம்பரப் பத்தியை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம் சேகரிக்கும் நண்பர்கள்,
திருச்சி